டிரேக்குள் மாட்டிய கேரல் பாட்டுகள்

டிசம்பர் 1, சனி

நான் வேலை பார்க்கும் சேகர ஆபீஸில் பீரோவை ஒழித்து, போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை வெளியே எடுத்தேன். பாதியை எலி தின்றிருக்கிறது. வால் நட்சத்திரத்துக்கு வாலே இல்லை. ஐயரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் சாலோம்புரத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவர் பொறுப்பில் உள்ள சபைகளைச் சேகரம் என்போம். கோபமே வராத மனுஷன். "வாலு எங்கம்மா?" என்று கேட்டார். எலியைத்தான் கேட்க வேண்டும் என்றேன். ஜெபத்தில் வைப்போம் என்றார்.

மத்தியானம் பியூலா அக்கா ஒரு சிடியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். கோவில் கொயரில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள், ஊர் விஷயம் அத்தனையும் அவள் வழியாகத்தான் போகும்.

"காலேப்பு குடுத்துவிட்டான்ட்டி. கிறிஸ்துமஸ் பாட்டு அத்தனைக்கும் கீபோர்டு வாசிச்சு இதுல பதிஞ்சிருக்கானாம். நான் இல்லாட்டாலும் கொயர் நிக்கக்கூடாதுன்னு சொல்லிவிட்டான்."

ரொம்ப அக்கறைதான். அறுப்பின் பண்டிகையன்று பாட்டின் நடுவில் கீபோர்டை நிறுத்தி, "கெசியா, சுருதி கீழ போவுது" என்று சபை மொத்தமும் கேட்கச் சொன்னவர் இந்தக் காலேப் சார்தான். "என் சுருதி இருக்க எடத்துலதான் இருக்கு. உங்க கீபோர்டுதான் மேல ஏறிப் போவுது" என்றேன். ஸ்டாண்டை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவர், அடுத்த வாரமே பக்கத்துச் சேகரத்தில் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கரண்டு ஆபீஸில் மீட்டர் கணக்கெடுக்கிறவருக்கு அத்தனை ரோஷம்.

எனக்கு முப்பத்தாறு வயது. அம்மா மாப்பிள்ளை பார்ப்பதை விட்டுவிட்டாள், பியூலா அக்கா விடவில்லை. காலேப் சாருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பதை மாதம் ஒருமுறை ஞாபகப்படுத்துவாள். அதற்கு நான் என்ன செய்ய?

ஆனாலும் கோபம் வேறு, முறை வேறு. சபைக்கு யார் எதைக் கொடுத்தாலும் அன்பளிப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஃபேன் றெக்கை, சுவர்க் கடிகாரம், தண்ணீர் டிரம், காணிக்கைப் பைக் கம்பு, எதையும் விட்டதில்லை. ஒட்டுவது என் பொறுப்பு. 'அன்பளிப்பு: திரு. வே. காலேப்' என்று பிரிண்ட் எடுத்து, சிடியின் மேல் அழகாக ஒட்டினேன். ஒரு சுருக்கம் கிடையாது.

டிசம்பர் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டுப் பயிற்சி செய்தோம். நன்றாகத்தான் வாசித்திருக்கிறார். அதைப் போய் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பாட்டெல்லாம் முடிந்து எல்லோரும் போனபின், கோவிலில் இருக்கும் சிடி பிளேயரில் போட்டுப் பார்க்கலாம் என்று பட்டனை அழுத்தினேன். டிரே வெளியே வரவில்லை. வேறு ஏதோ ஒரு புரோகிராம் இந்த சிடியை உபயோகித்துக்கொண்டிருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. யார் உபயோகிப்பது? ஆபீஸில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

டிசம்பர் 3, திங்கள்

பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ரூபனுக்குப் போன் செய்தேன். கடையை விட்டு வர முடியாது, போனிலேயே சொல்கிறேன் என்றான்.

"பாட்டு போடுத புரோகிராமை மூடுங்கக்கா. மூடியாச்சா? இப்ப கீழ மூலையில, மணி காட்டுத எடத்துக்குப் பக்கத்துல பாருங்க. அங்க ஏதாவது ஒளிஞ்சிக்கிட்டு ஓடும்."

பார்த்தேன். மேலே மூடின அதே புரோகிராம் கீழே சின்னதாகக் குந்தியிருந்தது. அதையும் மூடினேன்.

"மை கம்ப்யூட்டர்ல சிடி படத்து மேல ரைட் கிளிக் பண்ணி எஜெக்ட் குடுங்க."

கொடுத்தேன். இந்தத் தடவை பெட்டி வரவில்லை. உள்ளே தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டிரே அசையவில்லை. மறுபடி கொடுக்கலாம் என்று கையை வைத்தபோது கரண்டு போய்விட்டது. அது யார் ஆபீஸின் வேலை என்று நான் எழுத வேண்டியதில்லை.

கரண்டு வந்தபின் பார்த்தால் இன்னொரு கூத்து. டிரேயில் சிடி எதுவும் இல்லை, தயவுசெய்து சிடியைப் போடவும் என்கிறது கம்ப்யூட்டர். உள்ளே வைத்துக்கொண்டே 'போடவும்' என்கிறது. இப்படிப்பட்ட ஆட்களை நான் கமிட்டியில் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 4, செவ்வாய்

ரீஸ்டார்ட் செய்தேன். வரவில்லை. மறுபடி செய்தேன். வரவில்லை. வால் நட்சத்திரத்துக்கு ஜிகினாத் தாளில் வால் வைத்தேன்.

டிசம்பர் 6, வியாழன்

ரூபன் நேரில் வந்தான். டிரேயின் முன்பக்கம் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. இத்தனை வருஷம் துடைத்திருக்கிறேன், என் கண்ணில் பட்டதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதில் குத்தினால் டிரே தானாக வெளியே வருமாம்.

ஜெம் கிளிப்பை நிமிர்த்திக் குத்தினான், கிளிப் வளைந்துவிட்டது. என் கொண்டை ஊசியைக் கொடுத்தேன். டிரே நகக்கண் அளவுக்கு வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. இழுத்தான், வரவில்லை.

"சிடி மேல ஏதோ ஒட்டிப் புடிச்சிருக்குக்கா. ஓடுத சூட்டுல பசை இளகிச்சுன்னா இப்படி ஆகும். லேபிள், கீபிள் எதுவும் ஒட்டுனீங்களா?"

ஐயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டதால் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்ததும், ஐயர் காலையிலேயே திருநெல்வேலிக்குப் போய்விட்டாரே என்று ரூபன் சொன்னான். சில பேருக்கு எல்லாவற்றையும் கவனிக்கிற கெட்ட பழக்கம்.

கடைசியில் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அப்போது பார்த்து எட்வின் அண்ணாச்சி உள்ளே வந்தார். கம்ப்யூட்டர் அவர் கொடுத்தது.

"யாருல அது? எங்கப்பா பேருல கைய வைக்கது?"

'அமரர் பொன்னுத்துரை அவர்களின் நினைவாக' என்ற நீளமான ஸ்டிக்கர், மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தின்மேல் போகிறது. மூடியைத் திறந்தால் அமரர் இரண்டாகக் கிழிவார். அந்த இடத்தில் ஒட்டியதும் நான்தான். அன்றைக்கு, இவளை மாதிரி நேராக ஒட்ட ஆளில்லை என்று அண்ணாச்சி எல்லோரிடமும் சொன்னார்.

"பெங்களூர்லருந்து எம் மவன் கிறிஸ்துமஸுக்கு வாரான். தாத்தா பேரை பாக்கணும்னு ஆசையா இருக்கான். ஒரு எழுத்து கிழிஞ்சிச்சு, நான் இந்தச் சேகரத்துலயே இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

ரூபன் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

டிசம்பர் 9, ஞாயிறு

விஷயம் சபைக்குத் தெரிந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியம் முழுக்க ஆபீஸில்தான். வெயிலில் வை என்றாள் ஒருத்தி. தலைகீழாகப் பிடித்துத் தட்டு என்றாள் இன்னொருத்தி. தேங்காய் எண்ணெய் விடு என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

ஐயர் கம்ப்யூட்டரின் தலையில் கை வைத்து ஜெபித்தார். "கல்லறையின் கல்லைப் புரட்டின ஆண்டவரே, இந்த டிரேயையும் புரட்டிப் போடும்" என்றார். ஆமென் சொல்லிவிட்டு எல்லோரும் டிரேயைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் பார்த்தோம். ஐயர்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கெசியா, வருத்தப்படாத. அடுத்த சனிக்கிழமை தாண்டி அதுக்கடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள வரலன்னா இந்த வருஷம் கொயர் வேண்டாம். அண்ணாச்சி மகன் லேப்டாப்புல இங்கிலீஷ் கேரல் வச்சிருக்கானாம், விடியக்காலைக்கு அதைப் போட்டுருவோம்."

வருத்தப்படாமல் எப்படி இருப்பது? கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில் கொயர் பாடாமல் இருந்ததே கிடையாது. என்னைக் கொயர் பொறுப்பில் போட்டது இந்த வருஷம்தான். கெசியா பொறுப்பெடுத்த வருஷம் பாட்டு நின்றுபோச்சு என்று சாகிற வரைக்கும் சொல்வார்கள்.

"ஏட்டி, காலேப்புக்கு ஒரு போனைப் போட்டா என்ன?" என்று பியூலா அக்கா கேட்டாள். அதற்குப் பதில் அந்த சிடியை நான் கடித்தே வெளியே எடுத்துவிடுவேன்.

டிசம்பர் 11, செவ்வாய்

மியூசிக் இல்லாமல் பயிற்சி. மூன்றாவது பாட்டில் பியூலா அக்கா என் காதருகே வந்து, "கொஞ்சம் கீழ போவுதோ?" என்றாள். எனக்குத் தொண்டைக் கட்டு. பனங்கற்கண்டு வாங்கினேன்.

டிசம்பர் 13, வியாழன்

நான் தேங்காய் எண்ணெய் எதுவும் விடவில்லை. டிரேயிலிருந்து எண்ணெய் வாசம் வருகிறது என்றால் அதற்குப் பல காரணம் இருக்கலாம்.

டிசம்பர் 14, வெள்ளி

மீட்டர் கணக்கெடுக்க வந்துவிட்டார். வேறு யாரையாவது அனுப்பக்கூடாதா? ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியேதான் மீட்டர் பெட்டி. நான் ஒரு துண்டை எடுத்துக் கம்ப்யூட்டர்மேல் போட்டுவிட்டு, ஞானஸ்நான சர்டிபிகேட்டுகளை ரொம்ப மும்முரமாக அடுக்கினேன். புதுச் சட்டை போட்டிருந்தார். அது எனக்கு எதற்கு?

"சிடி பாடுதா?" என்றார், மீட்டரைப் பார்த்துக்கொண்டே.

"நல்லா பாடுது."

"சுருதியெல்லாம்?"

"இருக்க எடத்துல இருக்கு."

அட்டையில் எழுதினார். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். "என்ன, ஆபீஸுக்குள்ள சமையலா? எண்ண வாசம் வருது" என்றார். நான் சர்டிபிகேட்டுகளை மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன். போய்விட்டார்.

கேட்டிருக்கலாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், தேவைப்படுகிற நேரத்தில் அது எங்கே போய்த் தொலைகிறது?

டிசம்பர் 17, திங்கள்

கொண்டை ஊசி மறுபடி. இல்லை.

டிசம்பர் 18, செவ்வாய்

இல்லை.

டிசம்பர் 20, வியாழன்

ஐயர் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நிரலை டைப் செய்யக் கொடுத்தார். 'கொயர் பாடல்' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். இங்கிலீஷ் கேரல் என்று எழுதவும் அவருக்கு மனசு வரவில்லை, கொயர் என்று விடவும் தைரியம் இல்லை. அந்தக் கேள்விக்குறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனை எடுத்தேன்.

"சார், சேகர ஆபீஸ்லருந்து பேசுதேன். இங்க கரண்டு ஒரு மாதிரியா வருது. டிரே ஒண்ணு தெறக்க மாட்டேங்குது."

"டிரேயா? அது எங்க டிபார்ட்மெண்டு இல்லியே கெசியா."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. வைத்துவிடலாமா என்று நினைத்தேன். கேள்விக்குறி என் முன்னால் கிடந்தது.

"சிடி உள்ள மாட்டிக்கிட்டு. பாடுதுன்னு சொன்னது பொய். கொஞ்சம் வந்து பாக்கணும்."

"நாளைக்குச் சாயந்திரம் வாரேன். எண்ண மட்டும் இனி விடாதீங்க" என்றார்.

பியூலா அக்காவை நான் ஒருநாள் கவனித்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 21, வெள்ளி

ஸ்க்ரூ டிரைவரும் தோள்பையுமாக வந்தார். கொண்டை ஊசியை வாங்கி ஓட்டையில் குத்திப் பார்த்தார். டிரேயின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறக்காமல் ஆகாது என்றார். நான் அமரர் பொன்னுத்துரை அவர்களைக் காட்டினேன்.

"இதை யாரு இவ்வளவு கச்சிதமா இந்த எடத்துல ஒட்டுனது?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்."

ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்கு யோசனை சொல்ல ஆள் வேண்டாம். பியூலா அக்கா மகளிடம் தலைமுடி காயவைக்கிற மெஷின் இருக்கிறது. வாங்கிவந்தேன். அவர் சூடு காட்டினார், நான் ஓரத்திலிருந்து நகத்தால் கிளப்பினேன். இத்தனை வருஷம் ஒட்டியிருக்கிறேன், உரிப்பது இதுதான் முதல் தடவை. "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்றேன், காட்டினார். "போதும், கை சுடுது" என்றேன், எடுத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வராமல் ஒரு வேலை நடந்தது. ஒரு எழுத்துக்கூடக் கிழியாமல் அமரரை உரித்து எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் பத்திரமாக ஒட்டிவைத்தேன்.

மூடியைக் கழற்றி, சிடி டிரைவை வெளியே இழுத்து, அதன் தகட்டையும் திறந்தார். உள்ளே சிடி. சிடிமேல் பாதி கிளம்பிச் சுருண்டு, மேலே இருக்கிற சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு ஸ்டிக்கர். தேங்காய் எண்ணெயில் பளபளவென்று இருந்தது.

அவர் அதை மெதுவாகப் பிரித்து, விரலால் தடவிப் படித்தார்.

"எம் பேரா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றேன்.

"கோவமா இருக்கும்போதுமா ஒட்டுனீங்க?"

"கோவமா இருந்தா கோணலா ஒட்டுவாங்களா?"

சிடியில யாரும் ஸ்டிக்கர் ஒட்டுவாங்களா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கைக்குட்டையில் எண்ணெயைத் துடைத்து, அந்த ஸ்டிக்கரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குப்பைத் தொட்டி பக்கத்தில்தான் இருந்தது.

சிடி போச்சு. வட்டமாகக் கோடு விழுந்துவிட்டது. டிரைவைத் திரும்ப மாட்டி, சிடியைப் போட்டுப் பார்த்தார், கம்ப்யூட்டர் அதைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வயலில் குருவி விரட்டக் கட்டலாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே வந்துவிட்டது, மறைக்க நேரமில்லை.

"வேற காப்பி இல்லியா?" என்றேன்.

"இல்ல" என்றார். ரொம்பச் சீக்கிரமாகச் சொன்னார்.

மூடியை மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ கீழே உருண்டது. அவர் தேடக் குனிந்தபோது தோள்பை வாய் திறந்துகொண்டது. உள்ளே ஒரு சிடி. 'கிறிஸ்துமஸ், சாலோம்புரம் கொயர், இரண்டாவது காப்பி' என்று அவர் கையெழுத்திலேயே மார்க்கரால் எழுதியிருந்தது. ஸ்டிக்கர் கிடையாது. ஆக, முதல் நாளே நான் ஒரு போன் செய்திருந்தால் இத்தனை கூத்தும் இல்லை.

நானும் குனிந்து ஸ்க்ரூவைத் தேடினேன்.

"அப்ப நானே வந்து வாசிச்சாத்தான் உண்டு போலருக்கு" என்றார் மேஜைக்கு அடியிலிருந்து.

"வேற வழி இல்லியே" என்றேன்.

டிசம்பர் 22, சனி

நிகழ்ச்சி நிரலில் இருந்த கேள்விக்குறியை நானே அழித்தேன். ஐயர் ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னார். எட்வின் அண்ணாச்சி மகனோடு வந்து, நேற்று நான் பழைய இடத்தில் திரும்ப ஒட்டிய ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார். "இங்க பாருல, உங்க தாத்தா பேரு! முன்னைக்கு இப்ப இன்னும் நேரா இருக்க மாதிரி இருக்கே!" என்றார். தூசி தட்டினேன் அண்ணாச்சி என்றேன்.

டிசம்பர் 23, ஞாயிறு

பயிற்சி. கீபோர்டோடு. சண்டை ஒருமுறைதான்.

டிசம்பர் 25, செவ்வாய்

விடியற்கால ஆராதனை. கோவில் நிறையக் கூட்டம். வால் நட்சத்திரம் வாலோடு தொங்கியது. கொயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றேன். எனக்கு யாரையும் பார்க்கத் தைரியம் இல்லாததால் கீபோர்டைப் பார்த்தேன். வாசிக்கத் தொடங்குமுன் அவர் ஒரு சின்னப் பட்டனை இரண்டு தடவை அழுத்தினார். முதல் ஸ்வரம் வந்தபோதுதான் புரிந்தது. சுருதி நேற்றைக்கு முந்தின நாளைவிடக் கீழே, சரியாக என் குரல் நிற்கிற இடத்தில் இருந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

பாடினேன். என்னத்தைச் சொல்ல, அப்படிப் பாடினேன். பியூலா அக்கா பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, இன்னைக்குத்தான்ட்டி உன் சுருதி நேரா நின்னுச்சு" என்றாள். சுருதி இருக்கிற இடத்தில்தான் எப்போதும் இருக்கிறது, என்ன செய்ய.

எல்லோரும் கேக் வாங்கப் போனபின் அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பையிலிருந்து அந்த சிடியை எடுத்தார்.

"கெசியா, ஒரு பொய் சொல்லிட்டேன். காப்பி இருந்துச்சு. அடுத்த வருஷத்துக்கு ஆகும், வச்சிக்கோங்க."

"தெரியும். அன்னைக்கே பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்ப ஏன் கேக்கல?"

நான் ஏன் கேட்கவில்லை என்று இந்த நாட்குறிப்பிலேயே எழுதவில்லை, அவரிடமா சொல்வேன்? சிடியை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இதை வாங்குனா நான் ஸ்டிக்கர் ஒட்டிருவேன், மறுபடி மாட்டிக்கிடும்" என்றேன். "அடுத்த வருஷமும் நீங்களே வாங்க."

அவர் சிடியைத் திரும்பப் பையில் போட்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது.

இன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை.